வெள்ள மட்டம்

எழுபத்து நாலாம் வருடம், பொங்கல் கழிந்த வாரத்தில் ரயில் சர்வேக்காரர்கள் மணக்காயலுக்கு வந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகவே திருச்செந்தூருக்கு ஒரு பாதை போடலாமா என்று பார்க்க வந்தவர்கள். அவர்களுடைய லாரி உப்பளத்து முனையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் ஊருக்கு வண்டித்தடம்தான். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. கூடாரத் துணி, மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் டின், கருவிப் பெட்டிகள் எல்லாம் தலைச்சுமையாக வந்தன. ஊருக்குத் தெற்கே உடைமரங்களுக்கு நடுவில் மூன்று கூடாரம் அடித்தார்கள். கடலுக்குப் போய்வந்த ஆம்பளைகள் வலையைக்கூட உதறாமல் போய் நின்று பார்த்தார்கள். கடல் பக்கத்துக் கொண்டல் காற்று கூடாரத் துணியைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது.

வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னதும் முதலில் போய் நின்றவன் ஜேசுதாசன். முப்பத்தெட்டு வயது. பதினாறு வயதிலிருந்து சங்கு குளித்தவன். மூன்று வருடத்துக்கு முன் ஆழத்தில் கையூன்றித் தடவிக்கொண்டிருந்தபோது வலது காதில் ஊசி இறங்கியது போல ஒரு வலி வந்தது. மேலே ஏறியபோது காதிலும் மூக்கிலும் ரத்தம். அன்றிலிருந்து அந்தக் காது கேட்கவில்லை. தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தால் உலகமே சுற்றியது. உப்பளத்தில் பலகை இழுத்துப் பார்த்தான். அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போய்ப் பார்த்தான். எதுவும் நிலைக்கவில்லை.

சர்வே வேலை அவனுக்குப் பொருந்திப்போனது. இரண்டு ஆள் உயரத்துக்குச் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட அளவுகோல் ஒன்று இருந்தது. ஸ்டாஃப் என்றார்கள். அதைச் சொன்ன இடத்தில் ஆடாமல் செங்குத்தாகப் பிடித்து நிற்க வேண்டும். தூரத்தில் முக்காலியில் வைத்த கருவி வழியாக இன்ஜினியர் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வார். இருவருக்கும் நடுவில் பேச்சு கிடையாது. கை இடது பக்கம் நீண்டால் கோலை இடது பக்கம் சாய்க்க வேண்டும். இரண்டு கையும் தலைக்குமேல் உயர்ந்தால் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். காது கேட்காதது அங்கே ஒரு குறையாகவே தெரியவில்லை.

இன்ஜினியர் பேச்சிமுத்துவுக்கு முப்பது வயதுதான். கொற்கைப் பக்கத்து நெல்விவசாயி வீட்டுப் பிள்ளை. வெயிலில் நின்று கறுத்த முகம், எந்நேரமும் கழுத்தில் ஒரு ஈரத்துண்டு. நாலாம் நாளே ஜேசுதாசனைக் கவனித்துவிட்டார்.

"மத்தவன் பிடிச்சா கோலு பனையோலை மாதிரி ஆடுது. ஒம்ம கையில மட்டும் அடிச்ச முளை மாதிரி நிக்கே, எப்படிவே?"

"மூச்ச அடக்கிக்கிடுவேன் சார். கடலுக்கடில பழகுனது."

"அப்ப நீரு என் பக்கத்த விட்டுப் போகாதேயும்."

விடிந்ததும் பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்றுவிட்டுப் போனால் பொழுது சாயத்தான் வருவான். உடைமுள்ளை வெட்டி வழி எடுக்க நாலு பேர், அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர், முளை அடிக்க ஒருவர். உப்புத்தரையில் கால் புதையும். மத்தியான வெயிலில் தரை வெள்ளையாக மின்னி கண்ணைக் கூச வைக்கும். தூரத்தில் இருப்பது கொடியா, கொக்கா என்று தெரியாது. ஜேசுதாசனின் உள்ளங்கால் வெடித்து உப்பு ஏறி எரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வரும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததை அவன் மனைவி பிளாரன்ஸ் பார்த்தாள்.

அவள் கரையில் மீன் காயப்போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். அவர்களுக்கு ஒரே மகள், கிரேசி, பத்து வயது. ராச்சாப்பாட்டின்போது கிரேசிதான் அப்பனைக் கேள்வி கேட்பாள். ரயில் நம்ம ஊரில் நிற்குமா, எத்தனை பெட்டி, கடலைப் பார்த்தபடி சன்னல் இருக்குமா என்று.

"நிக்கும்ட்டி. கோயிலுக்குக் கெழக்க டேசன் வைக்கப்போறதாச் சொல்லுதாவ."

"மேட்டுலயா?" என்றாள் பிளாரன்ஸ். குசினி வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. மேட்டு மேலயேதான் போவுது. மேற்க உப்புத்தரை சேறு, கரை நிக்காதாம். மேட்டுமணல்னா செலவு கொறவு."

அவள் தலை கிள்ளிய நெத்திலியை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

ஊர் காயல் ஓரத்துப் பள்ளத்தில் இருந்தது. அதற்குக் கிழக்கே பனை நிற்கும் நீண்ட மணல்மேடு. மேட்டைத் தாண்டினால் கடல். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் மேற்கிலிருந்து வந்து ஊருக்குள் நிறையும். கிழக்கே போகவிடாமல் மேடு மறிக்கும். அறுபத்தாறாம் வருடம் கார்த்திகையில் அப்படித்தான் நடந்தது. ஐந்தாறு நாள் மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. பெண்களும் பிள்ளைகளும் மாதா கோயிலுக்குள் ஓடினார்கள். ஆம்பளைகள் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போய், பனைகளைச் சாய்த்து, மணலை வெட்டிக் கடலுக்கு வாய் திறந்தார்கள். தண்ணீர் அந்த வழியாக வடிந்தது. வடிவதற்குள் ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஒன்று ஜேசுதாசனின் மகன், பவுல். பதினோரு மாதம்.

ஜேசுதாசன் அப்போது ஊரில் இல்லை. சங்கு குளிக்கும் காலம், தூத்துக்குடியில் இருந்தான். நாலாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தபோது பிள்ளையை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். பிளாரன்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. எழுந்ததும் கேட்கலாம் என்றிருந்தான். எழுந்தபின் கேட்கப் பயந்தான். ஏழு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

பாதைக்கு முளை அடித்துக்கொண்டே மேட்டின் மேல் வந்தபோது ஒரு இடத்தில் பனைகள் இல்லாமல் வெறும் மணலாக இறங்கிக் கிடந்தது. பேச்சிமுத்து நின்று பார்த்தார்.

"ஏன் இங்க மட்டும் ஒரு பள்ளம்? பனையும் இல்ல?"

ஜேசுதாசனுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் இன்ஜினியர் கூடாரத்தில் தன்னுடைய உதவியாளருக்கு விளக்கிக்கொண்டிருந்ததை அவன் கேட்டிருந்தான். இரண்டு வழி பார்க்கிறார்கள். ஒன்று இந்த மேட்டு வழி. இன்னொன்று உள்ளே தள்ளி, ஆத்தூர் வழி. எதில் செலவு குறைவோ அதைத்தான் மேலே எழுதுவார்கள். வெள்ளத் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்ததோ அதற்குத் தக்கபடி கரையை உயர்த்த வேண்டும், தண்ணீர் வெளியேறக் கண் விட வேண்டும். வெள்ளம் குறைவென்றால் நாலு குழாய் போதும். அதிகமென்றால் பதினைந்து கண் வைத்துப் பாலம் கட்ட வேண்டும். அப்போது இந்த வழி அடிபட்டுப்போகும்.

"காத்துல சாஞ்சிருக்கும் சார்," என்றான்.

பேச்சிமுத்து அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். ஜேசுதாசன் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த முளைக்கு நடந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்த்தலைவர் விக்டர் ஆம்பளைகளை நிறுத்தினார். நாலு வள்ளம் வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகிறவர். மேட்டை வெட்டியபோது முன்னால் நின்றவர் அவர்தான். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இருந்ததில்லை.

"நாளைக்கோ மறுநாளோ இன்ஜினியர் வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டு வருவாரு. கோயில் ரெண்டாம் படின்னு சொல்லணும். எல்லாரும் ஒரே வாயாச் சொல்லணும்."

கிளாட்வின் என்ற வள்ளக்காரன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டாம் படின்னா கொழாய்தான் வைப்பானாம். மறுபடி அப்படி வந்துச்சுன்னா?"

"வந்தா வெட்டுவோம். அன்னைக்கு வெட்டலியா?"

"அன்னைக்கு மணலு. ரயில் கரைய வெட்ட விடுவானா அண்ணாச்சி?"

விக்டர் அவனைப் பார்த்தார். கோபப்படவில்லை. குரல்தான் இறங்கியது.

"ஏலே, கையில வார மீனு ஆத்தூர் போய்ச் சேருததுக்குள்ள பாதி நாறிப்போவுது. ஐசு வராது, டாக்டரு வரமாட்டாரு, வாத்தியாரு வந்தா ஒரு மாசத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிருதாரு. என் பொஞ்சாதி எப்படிப் போனான்னு ஒனக்குத் தெரியும். அந்த உப்பளத்து முனையில வண்டிச் சக்கரம் எறங்கி நின்னுச்சு பாரு. தூக்கிவிட ஆளு வரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வெள்ளம் நாப்பது வருசத்துக்கு ஒருக்க வரும். இந்த உப்பளத்து முனை வருசா வருசம் நம்மள வாங்குதுலே."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கலைந்து போகும்போது ஜேசுதாசனின் தோளில் கைவைத்தார்.

"நீதான் கோலு பிடிக்க. ஒன் வாயிலருந்து வேற ஒண்ணும் வரக்கூடாது. ஒம் பொஞ்சாதிகிட்டயும் சொல்லி வையி."

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். அவள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ரெண்டாம் படியா?" என்றாள்.

"ஊர் முடிவு."

"ரெண்டாம் படி எம் முட்டுக்குக்கூட வராது கிரேசி அப்பா."

"தெரியும்."

"என்ன தெரியும் ஒங்களுக்கு?"

அவள் அரைத்ததை வழித்து எடுத்தாள். அம்மியைக் கழுவினாள். கழுவிய தண்ணீரை முற்றத்து முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

"மேட்டு மேல கரை போட்டு, நாலு கொழாய வச்சா, தண்ணி எங்க போவும்?"

"ஏளா, அது இன்ஜினியருக பாடு. அவங்க கணக்குப் போட்டுத்தான் கெட்டுவாவ."

"நாம சொல்லுததத்தான கணக்குப் போடுவாவ?"

"நீ சும்மா இரு பிளாரன்ஸு. இந்த வேல முடிஞ்சாலும் ரயில்வேயில நெரந்தரமா எடுத்துக்கிடுவாவன்னு ஒரு பேச்சு இருக்கு. காது போனவனுக்கு வேற எங்க வேல கெடக்கு? ஊர எதுத்துக்கிட்டு இங்கன இருக்க முடியுமா?"

குழம்பை அடுப்பில் ஏற்றினாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டு ஞானபாய் எட்டிப் பார்த்து, கரையில் யாருடைய வலையில் என்ன பட்டது என்று பேசிவிட்டுப் போனாள். அவளுக்கும் ஊர் முடிவு தெரிந்திருந்தது. பிளாரன்ஸின் முகத்தைப் பார்க்காமலேதான் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பேச்சிமுத்து கோயில் முற்றத்தில் முக்காலியை நட்டார். ஊரே கூடியிருந்தது. புதிதாக வந்திருந்த சாமியார் தனக்கு எதுவும் தெரியாதென்று சொல்லி, வேதப்பாடத்துக்குப் போய்விட்டார். விக்டர் முன்னால் வந்து படியைக் காட்டினார்.

"இந்தா, இந்த ரெண்டாவது படி சார். இதுக்கு மேல ஏறல."

"நிச்சயமாவா அண்ணாச்சி?"

"நான் கண்ணால பாத்தது."

பேச்சிமுத்து கிளாட்வினைக் கேட்டார். வேறு நாலு பேரைக் கேட்டார். எல்லோரும் இரண்டாம் படி என்றார்கள். ஜேசுதாசன் கோலை இரண்டாம் படியில் ஊன்றி நின்றான். அன்று கோல் லேசாக ஆடியது. இன்ஜினியர் கருவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, நோட்டில் எழுதாமல் நின்றார்.

"எனக்கு ஒரு விசயம் விளங்கல," என்றார். "நான் இந்த ஆத்துத் தண்ணியில வளந்தவன். அறுவத்தாறுல எங்க ஊர்ல வயலெல்லாம் மூணு நாளு முங்கிக் கெடந்தது. மாட்ட மச்சுல ஏத்திக் கெட்டுனோம். அந்தத் தண்ணி அவ்வளவும் இந்த வழியாத்தான் கடலுக்கு வரணும். எங்களுக்கு மச்சு, ஒங்களுக்கு ரெண்டாம் படியா?"

"ஒங்க ஊரு பள்ளமா இருக்கும் சார்," என்றார் விக்டர்.

பேச்சிமுத்து பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். "நீங்க யாராவது பாத்தியளா? தண்ணி வந்த அன்னைக்குக் கோயிலுக்குள்ள யாரு இருந்தது?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிளாரன்ஸ் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். மீன் காயப்போட்ட கையோடு வந்திருந்தாள்; கையில் செதில் ஒட்டியிருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படியேறிக் கோயிலுக்குள் போனாள்.

உள்ளே போய் நின்று, "கோல எடுத்துட்டு வாங்க," என்றாள்.

ஜேசுதாசன் நின்ற இடத்திலேயே நின்றான். விக்டரைப் பார்த்தான். இன்ஜினியரைப் பார்த்தான்.

"போம்வே," என்றார் பேச்சிமுத்து.

கோயிலுக்குள் இடது பக்கம் மரத்தாலான பிரசங்க மேடை இருந்தது. ஏறுவதற்கு ஐந்து படி. பிளாரன்ஸ் மூன்றாவது படியில் ஏறி, திரும்பி, சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். ஏழு வருடத்தில் இரண்டு தடவை வெள்ளையடித்த சுவர். அடையாளம் எதுவும் அதில் இல்லை.

"இதுல நின்னேன். இதுக்கு மேல ஏற எடமில்ல, ஆளு நின்னுச்சு. தண்ணி இந்தா, இங்கன," என்று தொண்டைக்குழியில் விரலை வைத்தாள். "இதுக்கு மேல ஒரு வெரக்கடை கூட ஏறல. அதுக்குள்ள மேட்டத் தொறந்துட்டாவ. எறங்க ஆரம்பிச்சிட்டு."

அவன் கோலைத் தரையில் ஊன்றினான். அவள் கழுத்துக்கு நேராக வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தான். தன் தலைக்குமேல் கை நீண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தான். அந்த உயரத்தில் தண்ணீர் இருந்திருந்தால் தரையில் நின்ற ஒருவன் முழுதாக முங்கியிருப்பான். கடலுக்கடியில் எத்தனையோ தடவை தலைக்குமேல் தண்ணீரைப் பார்த்தவன். கோயிலுக்குள் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

வாசலுக்கு வெளியே கருவியில் கண்வைத்திருந்த பேச்சிமுத்து கையை அசைக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவ பிள்ளையப் பறிகொடுத்தவ சார்," என்று விக்டர் மெதுவாகச் சொன்னார். "அந்தத் துக்கத்துல ஒண்ணு ரெண்டாத் தெரியும். அத எழுதிராதிய."

பிளாரன்ஸுக்குக் கேட்டது. வாசல் வரை வந்தாள்.

"நீங்க இங்கன இல்ல அண்ணாச்சி. நீங்க மேட்டுல நின்னு வெட்டுனிய. கை தோலு உரிஞ்சு ஒரு மாசம் சோறு பெசைய முடியாம நீங்க இருந்தது எனக்குத் தெரியும். நீங்க வெட்டலேன்னா நானும் இல்ல, எம் பொண்ணும் இல்ல. இந்தா நிக்காளுவளே, ஒருத்தியும் இல்ல. அந்த எடத்துலதான் இப்ப கரை போடப்போறாவ."

பேச்சிமுத்து நிமிர்ந்தார். "அந்தப் பனையில்லாத பள்ளமா?" என்றார். அவர் ஜேசுதாசனைத்தான் பார்த்தார். அவன் கோலைப் பிடித்தபடி ஆமென்று தலையை ஆட்டினான்.

"வேற யாராவது இவங்க சொல்லுதத ஆமான்னு சொல்லுவியளா? ஒரு ஆளு போதும்."

ஞானபாய் முன்வரிசையில்தான் நின்றாள். "நான் மேல, பாட்டு மாடியில இருந்தேன்," என்றாள். "கீழ ஒண்ணும் தெரியல."

விக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் நடந்தார். அவர் போனதும் கூட்டம் கலைந்தது. பேச்சிமுத்து நோட்டில் இரண்டு அளவையும் எழுதினார். முதல் அளவுக்குப் பக்கத்தில் ஊர் மக்கள் என்று எழுதினார். இரண்டாவதற்குப் பக்கத்தில் பிளாரன்ஸின் பெயரைக் கேட்டு எழுதினார். புருசன் பெயர் என்ன என்று கேட்டபோது அவள் பக்கத்தில் நின்றவனைக் காட்டினாள். அவர் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை. பேனாவை மூடி, கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

பத்து நாளில் கூடாரம் தெற்கே நகர்ந்தது. ஜேசுதாசன் திருச்செந்தூர் வரைக்கும் கூடவே போனான். அங்கே சர்வே முடிந்தது. நிரந்தர வேலை என்ற பேச்சு பேச்சாகவே போனது. பேச்சிமுத்து தன்னால் முடிந்ததாக ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அதை அவன் யாரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

அடுத்த வருடம் ஆடியில், கடலோரப் பாதை இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. ஆத்தூர் வழியும் இல்லை. பணம் ஒதுக்கவில்லை என்றார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். வெள்ள மட்டத்தினால்தான் போயிற்று என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. ஊருக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. ஜேசுதாசனை யாரும் வள்ளத்தில் ஏற்றவில்லை. பிளாரன்ஸ் காயப்போடப் போனால் ஆள் போதும் என்றார்கள். மாதா திருநாளில் அந்த வீட்டு வரியை வாங்காமல் விட்டார்கள். வரி வாங்காத வீடு என்றால் ஊரில் இல்லாத வீடு. இருவரும் உப்பளத்துக்கு நடந்தார்கள். அவன் உப்பு வாரினான். அவள் பெட்டி சுமந்தாள். கிரேசி பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மேட்டில் அடித்த முளைகளை ஊர்ப்பிள்ளைகள் பிடுங்கி அடுப்புக்குக் கொடுத்தார்கள்.

"ஆலந்தலையில எங்க சின்னம்மை மகன் இருக்கான். போயிருவமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நீங்க போங்க," என்றாள். "பிள்ளைய இங்கன விட்டுட்டு நான் வரல."

மறுநாளும் இருவரும் உப்பளத்துக்கு நடந்தார்கள்.

எழுபத்தேழு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் இல்லை, ஆனால் வண்டித்தடம் சேறாகிப்போனது. விக்டரின் மகள் விக்டோரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு விடியக்காலையில் வலி எடுத்தது. ஊர் மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வண்டி போகாது. கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். எட்டுப் பேர் வேண்டும். ஆறு வள்ளம் அப்போதும் கடலில் இருந்தது. கரையில் ஏழு பேர்தான் கிடைத்தார்கள்.

ஜேசுதாசன் உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், யாரும் கூப்பிடாமல் போய்க் கட்டிலின் பின்கால் ஒன்றைத் தோளில் வாங்கிக்கொண்டான். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. பிளாரன்ஸ் ஒரு பழந்துணி மூட்டையோடு பின்னால் நடந்தாள். ஒருவர் வழுக்கினால் எல்லோரும் நின்றார்கள். உப்பளத்து முனையில் தொடை வரைக்கும் சேறு. அங்கே அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. விக்டோரியா கத்துவதை நிறுத்தியதும்தான் ஆட்களுக்குப் பயம் வந்தது. பிளாரன்ஸ் கட்டிலோடு கட்டிலாக நடந்து அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "ஏளா, கண்ண மூடாத. என்னப் பாரு. ஏதாவது சொல்லு. ஏசவாவது செய்யி."

ஆத்தூர் ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஆண்.

விக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலில் தொடை வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. பிளாரன்ஸ் அவருக்கு ஒரு கிளாஸ் கருப்பட்டிக் காப்பி வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"ரயிலு இருந்திருந்தா..."

அவள் அவர் முன்னால் நின்றாள். பாதை போடுவதென்று முடிவாகியிருந்தாலும் மூன்று வருடத்துக்குள் ரயில் ஓடியிருக்குமா என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"இருந்திருந்தா பொழச்சிருக்கும் அண்ணாச்சி," என்றாள். "இல்லன்னு நான் சொல்லல."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

இருவரும் ஊருக்குத் திரும்ப நடந்தபோது மழை விட்டிருந்தது. உப்பளத்து முனைச் சேற்றைத் தாண்டியதும் தடத்தை விட்டு மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்தபடி நடந்தார்கள். ஈர மணல் கெட்டியாக இருந்தது. பிளாரன்ஸ் அவனுடைய இடது பக்கம், கேட்கும் காதுப் பக்கம் வந்தாள். கட்டில் அழுத்திய தோளை அவன் தடவிக்கொண்டே வந்தான். மேட்டில் பாதி தூரம் போனதும் கேட்டான்.

"எவ்வளவு நேரம் வச்சிருந்த, அவன?"

எந்த அவன் என்று அவள் கேட்கவில்லை.

"தெரியல. கிரேசிய மொதல்ல மேல தூக்கிக் குடுத்துட்டேன். மேடையில நின்ன ஞானபாய்தான் வாங்குனா. அப்புறமா இவன். தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தேன். ரெண்டு கையாலயும் பிடிச்சா நிக்க முடியல, தண்ணி இழுக்கு. ஒரு கை படிக் கம்பியப் பிடிக்கணும், ஒரு கை அவன். அழுதுக்கிட்டே இருந்தான். அழுகுதது நல்லதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

"ம்."

"கை மரத்துப்போச்சு. ஒரு தடவ கை மாத்துனேன்."

அவள் நின்றாள். அவனும் நின்றான். கடலில் இருந்து வள்ளங்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஒரே ஒரு தடவதான் மாத்துனேன் கிரேசி அப்பா," என்றாள்.

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். உப்பில் வெடித்து, தோல் தடித்த கைகள். பிள்ளை நழுவியது எந்தக் கையிலிருந்து என்று அவன் கேட்கவில்லை.